மூன்று மணி ஒன்பது நிமிடம், ஏழாம் லயம்

1.

இந்தக் கதையை என்னிடம் கேட்டவர் அழகான ஒன்றைத்தான் கேட்டார். ஹுதைபா என்று பெயர். கண்டியிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் சிறுபத்திரிகையின் ஆசிரியர். அடுத்த இதழ் வானம் பற்றிய சிறப்பிதழாம். தெற்கு வானத்தில் எங்கோ தூரத்தில் இருக்கும் ஒரு சுருள் விண்மீன் திரளைப் பற்றி எழுதுங்கள், வாசிக்கிறவருக்கு வியப்பு வரவேண்டும் என்றார். அப்படி ஒரு திரளை எனக்குத் தெரியும் என்று நானும் பெருமையடித்துக்கொண்டு ஒப்புக்கொண்டேன். அது மே மாதம். இப்போது ஜூலை முடியப்போகிறது. என்னிடம் இருந்த வியப்பெல்லாம் தீர்ந்துவிட்டது. மிச்சமிருப்பது கோபம்தான். கையில் இருப்பதை வைத்துத்தானே சமைக்க முடியும்?

முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

‘தெற்கு வானத்தில், நதி என்று பெயர்பெற்ற விண்மீன் கூட்டத்தில், நம் கண்ணுக்கு எட்டாத ஆழத்தில் ஒரு பெரும் சுருள் அமைதியாகச் சுழன்று...’

(சுழலட்டும். இந்த வாக்கியத்தை எழுதும்போது யார்மீதும் எனக்குக் கோபம் இல்லை என்பது நன்றாகத் தெரிகிறது. விட்டுவிட்டேன்.)

இரண்டாவது:

‘லோஜினி, [            ] தோட்டத்தின் ஏழாம் லயத்தில், நான்காம் காம்பராவில் பிறந்தாள்.’

இது பரவாயில்லை. (லயம் என்பது தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு, காம்பரா அதில் ஒரு அறை.) இது உண்மை என்பதும் எனக்குத் தெரியும், அவளுடைய பிறப்புச் சான்றிதழை மொழிபெயர்த்தவள் நான். ஆனால் அடைப்புக்குறிக்குள் இருக்க வேண்டிய தோட்டத்தின் பெயரை எழுத முடியாது. ஏன் முடியாது என்பதற்கு ஐந்தாம் பகுதிவரை பொறுத்திருங்கள். அதுவரை அந்த ஓட்டையைப் பார்த்துக்கொண்டே வாருங்கள்.

2.

கண்டி நகரத்தில், நீதிமன்றத்துக்குப் போகும் தெருவில், ஒரு ஜவுளிக்கடைக்கு மேலே என் அறை. ‘சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர்’ என்று மூன்று மொழியிலும் பலகை வைத்திருக்கிறேன். பிறப்பு, இறப்பு, கலியாணம் எல்லாவற்றையும் சிங்களத்திலிருந்து தமிழுக்கும் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கும் மாற்றி முத்திரை குத்திக் கொடுப்பது பிழைப்பு. கதை எழுதுவது பிழைப்பில் சேராது.

பெப்ரவரியில் லோஜினி அங்கே வந்தாள். இருபத்தொரு வயது. கணிதத்தில் உயர்தரப் பரீட்சை தேறியவள். பல்கலைக்கழக வெட்டுப்புள்ளிக்குக் கொஞ்சம் குறைந்துவிட்டதால் பேராதனையில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்தாள். தினமும் கலஹா பஸ்ஸில் வந்து போகிறவள். கையில் ஒரு விண்ணப்பப் படிவம். வானியல் ஆய்வு நிலையம் ஒன்று (அதன் பெயரைச் சொல்லமாட்டேன், தேவையும் இல்லை) ஆறு பேரை ஒரு வருடப் பயிற்சிக்கு எடுக்கிறது. பயிற்சி முடிந்தால் நிரந்தர வேலை. படிவத்தில் ‘முன் அனுபவம்’ என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் என்ன எழுதலாம் என்று தயங்கிக்கொண்டே கேட்டாள்.

என்ன அனுபவம் இருக்கிறது என்றேன். தொலைபேசியை எடுத்து நீட்டினாள்.

உலகம் முழுவதும் தொலைநோக்கிகள் எடுத்துத் தள்ளும் படங்களை ஆராய்ச்சியாளர்களால் மட்டும் பார்த்து முடிக்க முடிவதில்லை. அதனால் விருப்பமுள்ள யாருக்கும் அனுப்புகிறார்கள். இந்தத் திரளுக்கு எத்தனை கை, எந்தப் பக்கமாகச் சுருண்டிருக்கிறது, நடுவில் பட்டை இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். லோஜினி மூன்று வருடத்தில் பதினோராயிரம் திரள்களைப் பார்த்துச் சொல்லியிருந்தாள். லயத்தில் சமிக்ஞை கிடையாது. கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் பக்கத்தில் ஒரு பாறை இருக்கிறது, அங்கே நின்றால் இரண்டு கோடு வருமாம். அங்கே போய்ப் படங்களை இறக்கிக்கொண்டு வந்து பஸ்ஸில் பார்ப்பாளாம்.

அவளுக்குப் பிடித்தமான ஒன்றைக் காட்டினாள். என்ஜிசி 1232. மஞ்சள் நடு, அதைச் சுற்றி நீலப் பொட்டுகளாகக் கைகள். ஒளி அங்கிருந்து புறப்பட்டு நம்மிடம் வந்து சேர ஏறத்தாழ ஆறு கோடி வருடம்.

“மொதல்ல ரெண்டு கைதான்னு நெனச்சேன்க்கா. நல்லாப் பாத்தா பிரிஞ்சு பிரிஞ்சு போகுது, நம்ம தோட்டத்து ரோடு மாதிரி” என்றாள். பிறகு ஓரத்தைத் தொட்டுக் காட்டினாள். “இந்தக் கை முடியிற எடத்துல குட்டியா ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருக்கில்ல, அது பக்கத்துலயே இல்ல. நாலு மடங்கு தூரத்துல இருக்காம். இங்கேருந்து பாக்குறப்பதான் ஒண்ணாத் தெரியுது.”

இதை அப்படியே ஏதாவது ஒரு கதையின் கடைசி வரியாக வைத்துவிடலாம் என்று அன்றே ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டேன். ஒரு பெண் தன் வேலைக்காக என் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள், நான் அவளிடமிருந்து வரி பொறுக்கிக்கொண்டிருக்கிறேன். எழுத்தாளர் புத்தி.

[அடிக்குறிப்பு போல ஒன்று: இந்தத் திரளை முதலில் ஒரு மனிதர் தொலைநோக்கியில் கண்டு இடம் குறித்துவைத்தது 1784ஆம் ஆண்டு. அப்போது கண்டியில் அரசன் இருந்தான். எங்கள் முன்னோரைத் தோட்ட வேலைக்காக இந்த மலைகளுக்குக் கொண்டுவர இன்னும் நாற்பது வருடம் இருந்தது. அதன் முகவரி: வல ஏற்றம் 3 மணி 9 நிமிடம் 45 வினாடி, விலக்கம் தெற்கே 20 பாகை 34 நிமிடம் 46 வினாடி. உலகத்தின் எந்த மூலையில் இருக்கிற தொலைநோக்கியும் இந்த இலக்கங்களைக் கொடுத்தால் நேரே அங்கே போய் நிற்கும். யாரிடமும் வழி கேட்காது.]

3.

படிவத்தில் இன்னொரு கட்டம் இருந்தது. தபால் முகவரி.

வெளியூர்க்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். லயத்தில் இருப்பவர்களுக்குத் தனித்தனி முகவரி இல்லை. வீட்டிலக்கம் கிடையாது, தெருப்பெயர் கிடையாது. தபால்காரர் தோட்டத்து ஆபீஸ்வரை வருவார். எல்லாக் கடிதங்களையும் அங்கே கொடுத்துவிட்டுப் போவார். பதிவுத்தபால் வந்தால் ஆபீஸில் ஒருவரே எல்லாருக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போடுவார். அதற்குப் பிறகு அந்தக் கடிதம் உங்கள் கைக்கு எப்போது வரும் என்பது ஆபீஸின் நேரத்தையும் மனத்தையும் பொறுத்தது.

அதனால் லயத்துச் சனங்கள் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். முக்கியமான கடிதம் என்றால் கலஹா பசாரில் இருக்கும் றவூப் நானாவின் பலசரக்குக் கடை முகவரியைக் கொடுப்பார்கள். அவர் பெரிய பிஸ்கட் தகரம் ஒன்றில் கடிதங்களைப் போட்டுவைத்திருப்பார். சாமான் வாங்க வருகிற யாரிடமாவது பெயரைச் சொல்லி அனுப்புவார், அன்றைக்கே வந்து வாங்கிக்கொள்வார்கள். பாதித் தோட்டத்தின் பரீட்சை முடிவு பிள்ளைகளுக்கு முன்னால் றவூப் நானாவுக்குத்தான் தெரியும். நாற்பது வருடமாக ஒரு கடிதம் தவறியதில்லை.

லோஜினி இந்தத் தடவை கடை முகவரியைப் போடவில்லை. தன் சொந்த முகவரியை, லயமும் காம்பராவும் சேர்த்து, முழுசாக எழுத முடிவு செய்தாள்.

(இந்த வாக்கியத்தை ஆறுதரம் திருத்தியிருக்கிறேன். இப்போதைக்கு இப்படியே இருக்கட்டும்.)

4.

ஆய்வு நிலையம் நேர்முகத் தேர்வுக்கு அழைத்து அனுப்பிய பதிவுத்தபால் ஜூன் நான்காம் திகதி தோட்டத்து ஆபீஸுக்கு வந்தது. நேர்முகம் ஜூன் இருபத்திரண்டு. கடிதம் அழகமுத்துவின் கைக்கு வந்தது ஜூன் இருபத்தேழு.

அழகமுத்து லோஜினியின் தகப்பன், தோட்டத்துத் தேயிலை பக்டரியில் வேலை. அன்று காலை பெரட்டுக்களத்தில் வேலைக்கு ஆள் பிரிக்கும்போது, கங்காணி ஒரு கட்டுக் கடிதத்தைக் கொண்டுவந்து பெயர் கூப்பிட்டுக் கொடுத்திருக்கிறார். உறையில் அரசாங்க முத்திரை. மனிதர் பிரிக்கவில்லை. மகளின் பெயரில் வந்ததை மகள்தான் பிரிக்க வேண்டும் என்று நினைத்திருக்கிறார். மத்தியானம் காம்பராவுக்குக் கொண்டுபோய் முருகன் படத்துக்கு முன்னால் வைத்து, சூடம் கொளுத்தி, லயம் முழுக்கச் சொல்லிவிட்டார். லோஜினி பொழுது சாயும் நேரம் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தபோது வாசலில் இருபது பேர் நின்றார்கள். பக்கத்துக் காம்பராக்காரர்கள் சீனி அள்ளிக் கொண்டுவந்து அவள் வாயில் போட்டார்கள். வாயில் சீனியோடு உறையைப் பிரித்தாள்.

“அப்பா, இது முடிஞ்சு அஞ்சு நாளாச்சு” என்றாளாம்.

இதை அவள் எனக்குத் தொலைபேசியில் சொன்னபோது அழவில்லை. குரல் மருந்துக்கடையில் மாத்திரை எத்தனை வேளை என்று சொல்கிற குரல்தான். கத்தியவள் நான். என் கத்தலில் கீழே ஜவுளிக்கடைக்காரர் மாடியேறி வந்து பார்த்துவிட்டுப் போனார்.

கணக்கு எளிதானது, ஆனால் என்னால் அதை விட முடியவில்லை. ஒளி ஆறு கோடி வருடம் பயணம் செய்து மடுவத்துப் பாறையில் நிற்கிற அவளுடைய தொலைபேசிக்குச் சரியாக வந்து சேர்ந்துவிட்டது. கொழும்பில் போட்ட கடிதம் இரண்டு நாளில் தோட்டத்துக்கு வந்துவிட்டது. ஆபீஸிலிருந்து ஏழாம் லயத்துக்கு ஒன்றரைக் கிலோமீட்டர். அதைக் கடக்க இருபத்திமூன்று நாள்.

5.

ஆய்வு நிலையத்துக்கு நான்தான் அழைத்துச் சிங்களத்தில் பேசினேன். மறுமுனையில் இருந்தவர் மரியாதையானவர். கடிதம் நான்காம் திகதியே கிடைத்திருக்கிறதே, கையெழுத்து இருக்கிறதே என்றார். அது அவளுடைய கையெழுத்து இல்லை என்றேன். அந்த முகவரியில் பெற்றுக்கொண்டதாகத்தான் பதிவு என்றார். பிறகு கொஞ்சம் இறங்கி வந்தார். ஆறு இடத்தில் ஒன்று இன்னும் நிரப்பப்படவில்லை. கடிதம் தாமதமாகக் கைக்கு வந்தது என்று தோட்டம் எழுதிக் கொடுத்தால், மேன்முறையீட்டோடு சேர்த்து ஜூலை பதினான்குக்குள் அனுப்பச் சொன்னார். தோட்டத்தின் கடிதம் இல்லாமல் வந்தால் கஷ்டம் என்றும் சொன்னார்.

ஆக, எல்லாம் ஒரு காகிதத்தில் நின்றது. நான் [            ] தோட்டத்து ஆபீஸுக்குப் போனேன்.

கிளாக்கர் பெயர் கணேஸ். கதைக்கு வசதியாக அவரை ஒரு கொடியவராக எழுதியிருந்தேன். முதல் வரைவில் அவருக்கு ஒரு தொந்தியும் ஒரு சிரிப்பும் கொடுத்திருந்தேன். இரண்டையும் எடுத்துவிட்டேன், அவரிடம் இரண்டுமே இல்லை. அவரும் லயத்தில் பிறந்தவர்தான், மூன்றாம் லயம். கடிதத்துக்குக் கையெழுத்துப் போட்டதாக ஒப்புக்கொண்டார். ஏழாம் லயம் இருக்கும் கீழ் டிவிசனுக்கான கடிதங்கள் கட்டாகச் சேர்ந்த பிறகுதான் அனுப்புவது வழக்கம் என்றார். இந்தத் தடவை அந்தக் கட்டு கொழுந்துச் சீட்டுகளுக்கு அடியில் போய்விட்டதாம். வருத்தம் இல்லாமல் இல்லை, ஆனால் அதைச் சொல்லும்போது அவர் கண் தொரையின், அதாவது தோட்ட நிர்வாகியின், அறைக் கதவிலேயே இருந்தது.

தொரையை நான் பார்க்கவில்லை. கணேஸ் உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்தார். நான் பத்திரிகையில் எழுதுகிறவள் என்பது எப்படியோ அங்கே தெரிந்திருந்தது. தொரை ஒரு கடிதம் தருவாராம்: ‘கடும் மழை காரணமாகத் தபால் விநியோகம் தாமதமானது.’ அதற்குப் பதிலாக ஒன்று. தோட்டத்தின் பெயர் பத்திரிகைக்குப் போகும் எந்தக் காகிதத்திலும் வரக்கூடாது.

சரி என்றேன்.

அங்கேயே, நின்ற இடத்திலேயே, லோஜினியை ஒரு வார்த்தை கேட்காமல் சரி என்றேன். அடைப்புக்குறிகள் இப்படித்தான் வந்தன. கடிதத்தை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, பெரிய காரியம் சாதித்த நினைப்பில் பஸ் ஏறினேன்.

6.

அந்த நினைப்பில் இரண்டு முடிவுகள் எழுதினேன்.

முடிவு அ: மேன்முறையீடு ஏற்கப்படுகிறது. லோஜினி பயிற்சிக்குப் போகிறாள். ஒரு நாள் பெரிய தொலைநோக்கியின் முன் உட்கார்ந்து இலக்கங்களைத் தட்டுகிறாள், திரையில் என்ஜிசி 1232 விரிகிறது, அவள் கண்ணில்...

(கண்ணில் என்ன? கண்ணீர்தான், வேறென்ன வரும். ஹுதைபாவுக்குப் பிடித்திருக்கும். கிழித்துப்போட்டேன்.)

முடிவு ஆ: மேன்முறையீடு நிராகரிக்கப்படுகிறது. லோஜினி மருந்துக்கடைக்குத் திரும்புகிறாள். பஸ் சன்னலோரம் உட்கார்ந்து பதினோராயிரத்து ஒன்றாவது திரளைப் பார்க்கிறாள். வெளியே மழை.

(இதை எழுதியபோது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. மறுநாள் வாசித்தபோது வெட்கமாக இருந்தது. அவள் தோற்றால் எனக்கு நல்ல கதை கிடைக்கும் என்று எனக்குள் ஒருத்தி உட்கார்ந்து காத்திருந்திருக்கிறாள். மலையகத்துப் பெண், மழை, சன்னலோரம். நம் வாசகர்கள் இதைப் படித்து ‘பாவம்’ என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடிப்பார்கள். அந்தத் தேயிலையும் அவள் அம்மா கிள்ளியதாகவே இருக்கும்.)

7.

ஜூலை ஒன்பதாம் திகதி மேன்முறையீட்டை எழுத லோஜினி வந்தாள். மேசையில் இந்தக் கதையின் வரைவு கிடந்தது. படிக்கலாமா என்றாள். வேண்டாம் என்று சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை.

நிதானமாகப் படித்தாள், திரள் படங்களைப் பார்க்கிற கவனத்தோடு. என் அடித்தல் திருத்தல்களைக்கூட விடவில்லை. மூன்றாம் பகுதியின் கடைசியில், ‘எழுத முடிவு செய்தாள்’ என்ற இடத்தில் விரலை வைத்தாள்.

“நானாக்கா முடிவு செஞ்சேன்?”

இல்லை. அவள் முடிவு செய்யவில்லை. இப்போது சொல்லிவிடுகிறேன்.

அன்று படிவத்தில் அவள் றவூப் நானாவின் கடை முகவரியைத்தான் எழுதியிருந்தாள். அதை என் பேனாவால் குறுக்கே அடித்தவள் நான். உனக்கென்று ஒரு இடம் இல்லையா, எத்தனை காலத்துக்கு இன்னொருத்தர் கடைக்குள் ஒளிந்துகொண்டு கடிதம் வாங்குவீர்கள், நிமிர்ந்து எழுது என்று கால் மணி நேரம் பிரசங்கம் செய்தேன். புதுப் படிவம் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். அவள் தயங்கினாள். “அக்கா, அது ஆபீஸுக்குப் போகுமே” என்று ஒருமுறை சொன்னாள். நான் காது கொடுக்கவில்லை.

நான் பன்வில பக்கத்து லயத்தில் பிறந்தவள். பதினான்கு வருடமாக குண்டசாலையில் 41/2 என்ற இலக்கத்தில் இருக்கிறேன். என் கேட்டில் தபால்பெட்டி இருக்கிறது, பச்சை நிறம். பிறந்த லயத்தின் பெயரை எந்தப் படிவத்திலும் நான் எழுதி எத்தனையோ வருடம் ஆகிறது. எனக்கு வேண்டியிருந்த ரோஷத்தை அவளுடைய படிவத்தில் எழுதவைத்தேன். கடிதம் வராமல் போனால் இழக்கப்போவது அவள், நான் இல்லை. லயத்தில் வளர்ந்த எனக்கு ஆபீஸ் எப்படி என்று தெரியாதா? தெரியும். மறந்துபோகிற வசதி வந்துவிட்டது.

இத்தனை பக்கமும் தொரையைத் திட்டினேன், ஆபீஸைத் திட்டினேன். அந்தக் கோபத்தில் ஒரு வார்த்தையைக்கூட நான் திரும்ப வாங்கமாட்டேன். ஆனால் என்னை மட்டும் அதற்குள் விடாமல் பார்த்துக்கொண்டேன்.

லோஜினி அடுத்து அடைப்புக்குறிகளுக்கு வந்தாள். தொரை கேட்டதையும் நான் சரி என்றதையும் சொன்னேன். கடிதத்தை எடுத்துக் காட்டினேன். வாசித்தாள்.

“மழையா?” என்றாள். “அந்த இருபத்திமூணு நாள்ல எங்கம்மா ஒரு நாளு மலைக்குப் போகாம இருக்கல. தலையில கொங்காணியப் போட்டுக்கிட்டு அதே மழையிலதான் கொழுந்து எடுத்திச்சு. அம்மா நனையலாம், தபாலு நனையாதா?”

வரைவை மறுபடி தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“கேலக்ஸிக்குப் பேரு போட்டிருக்கீங்க. மணி, நிமிசம், வினாடி எல்லாம் போட்டிருக்கீங்க. எங்க எடத்துக்கு மட்டும் ஓட்டை. கேட்டீங்களா என்னைய?”

கேட்கவில்லை என்றேன். அவள் தொரையின் கடிதத்தை மடித்து மேசையின் என் பக்கமாகத் தள்ளினாள்.

நான் அவளுக்குப் பக்கத்தில் இருக்கிறேன், ஒரே மண், ஒரே சனம் என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் குட்டித் திரளைப் பற்றி அவள் பெப்ரவரியிலேயே சொன்னதை நான் வரியாகக் குறித்துக்கொண்டேனே தவிர, காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

8.

மேன்முறையீட்டை அவள் சொல்லச்சொல்ல எழுதினோம். தோட்டத்தின் கடிதம் இல்லை. கடிதம் எந்தத் திகதியில் எங்கே வந்தது, யார் கையெழுத்துப் போட்டது, எப்போது பெரட்டுக்களத்துக்கு வந்தது, அவ்வளவுதான். அதோடு லயத்துச் சனங்கள் பதினேழு பேர், அன்று வாசலில் நின்றவர்கள், கையெழுத்துப் போட்டிருந்தார்கள். நான் மொழிபெயர்த்து முத்திரை குத்தினேன்.

கடைசியில் பதில் அனுப்ப வேண்டிய முகவரி.

இந்த இடத்தில் நான் கெஞ்சினேன். மறைக்க ஒன்றுமில்லை, நன்றாகவே கெஞ்சினேன். என் வீட்டு முகவரியைப் போடு, 41/2, பச்சைப் பெட்டி, நான் அன்றைக்கே கொண்டுவந்து தருகிறேன் என்றேன். வேண்டாம் என்றால் றவூப் நானாவின் கடையையாவது போடு என்றேன். அவர் விஷயம் தெரிந்ததும் அவளிடம், “எங்கட கடைக்குப் போட்டிருந்தா அண்டைக்கே கையில தந்திருப்பேனே மகள்” என்று வருத்தப்பட்டவர். ஐந்து மாதத்துக்கு முன் பிரசங்கம் செய்தவள், இப்போது கடைக்குள் ஒளிந்துகொள் என்று மன்றாடுகிறேன். எனக்கே கேவலமாக இருந்தது, ஆனால் நிறுத்தவில்லை.

“இப்ப கடை அட்ரஸ் போட்டா, தப்பு எம்மேலதான்னு நானே எழுதிக் கொடுத்த மாதிரி ஆயிரும்க்கா” என்றாள். “அன்னைக்கு நீங்க சொன்னீங்கன்னு எழுதினேன். இன்னைக்கு நானா எழுதுறேன்.”

எழுதினாள். இந்த ஒரு இடம் போனால் அடுத்தது லேசில் வராது என்று அவளுக்குத் தெரியும். பதினோராம் திகதி பதிவுத்தபாலில் போட்டோம்.

அதற்குப் பிறகு நான் கற்பனை செய்யாத ஒன்று நடந்தது. மருந்துக்கடையில் கேட்டு, பிற்பகலில் தொடங்கும் முறைக்கு மாறிக்கொண்டாள். தபால்காரர் தோட்டத்து ஆபீஸுக்கு வருவது காலை பத்தரைக்கு. அந்த நேரத்துக்கு லோஜினி அடையாள அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு ஆபீஸ் வாசலில் நிற்கிறாள். தன் பெயருக்கு வருகிற பதிவுத்தபாலில் தானே கையெழுத்துப் போடுவேன், வேறு யாரும் போடக்கூடாது என்று தபால்காரரிடமும் கணேஸிடமும் சொல்லிவிட்டாள். முதல் நாள் தொரை ஆளனுப்பிப் போகச் சொன்னார். போகவில்லை. நான்காம் நாள் கணேஸ் உள்ளேயிருந்து ஒரு கதிரையைக் கொண்டுவந்து வெளியே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அவள் அதில் உட்காரவில்லை. ஊழியர் சேமலாப நிதிக் கடிதத்துக்காகக் காத்திருக்கும் ஒரு வயசாளியை உட்காரவைத்தாள். நேற்று ஏழு பேர் நின்றார்களாம். எல்லாரும் கையில் அடையாள அட்டை.

பதில் இன்னும் வரவில்லை.

ஹுதைபா நேற்று அழைத்தார். பெயர் வேண்டாம், வழக்குப் போட்டால் பத்திரிகை தாங்காது, அடைப்புக்குறியே இருக்கட்டும் என்றார். அப்படியென்றால் கதையைத் திருப்பிக் கொடுங்கள் என்றேன். நீங்கள் இதைப் படிக்கிறீர்கள் என்றால் அவர் ஒத்துக்கொண்டுவிட்டார் என்று அர்த்தம். முன்பக்கங்களில் இருக்கும் ஓட்டைகளை நான் நிரப்பவில்லை. நான் செய்த பேரம் அங்கே கிடக்கட்டும், எல்லாரும் பார்க்கட்டும்.

முடிவு கேட்பீர்கள். தபால்காரரை இந்தக் கதைக்குள் கூட்டிவந்து அவருடைய பையில் ஒரு நல்ல கடிதத்தைப் போட்டுவிட என்னால் முடியும், ஒரு வரி வேலை. செய்யமாட்டேன். அவளுடைய கடிதத்தை வேறொருவர் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டது போதும், அதையே நானும் செய்யக் கூடாது.

ஆனால் உங்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. லோஜினியிடம் இந்தத் தடவை கேட்டுவிட்டேன், சரி என்றாள். அந்த ஆபீஸுக்கு அவள் பெயரில், லயமும் காம்பராவும் போட்ட கடிதங்கள் வரவேண்டும். ஒன்றிரண்டு வந்தால் சீட்டுகளுக்கு அடியில் போகும். மூட்டையாக வந்தால் எங்கே ஒளிப்பார்கள் என்று பார்ப்போம். திரளைப் பற்றி எழுதுங்கள், மழையைப் பற்றி எழுதுங்கள், எதையும் எழுதுங்கள்.

அ. லோஜினி,
4ஆம் காம்பரா, 7ஆம் லயம்,
கீழ் டிவிசன்,
லார்ச்வூட் தோட்டம்,
கலஹா.

பதிவுத்தபாலில் போடுங்கள். காலை பத்தரைக்கு, கையெழுத்துப் போட்டு வாங்க அவள் அங்கே நிற்கிறாள்.